உதிர்வதற்கென்று ஒரு பூச்சு

ஆறு மாதத்தில் வெட்டி எறியப்போகிற சுவரைப் பூசச் சொன்னால் எந்தக் கொத்தனாருக்கும் முகம் சுண்டும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், அபூபக்கரின் சுக்குப் பண்டகசாலையில் வேலை பார்த்த கொத்தனார்கள் நாலு பேருக்கும் அப்படித்தான் சுண்டியது. ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒருவருக்கு மாடியில் பாதி வேலை பாக்கியிருந்தது. அனில் காது கேளாதவன் போல பீடி பற்றவைத்தான். தலைமைக் கொத்தனார் இசக்கிராஜா அந்த மாதிரி வேலைக்கெல்லாம் குனிகிற ஆளே இல்லை. கடைசியில் அந்தச் சுவர் சித்தாள் பாக்கியலக்ஷ்மிக்கு வந்து சேர்ந்தது.

சுவரின் கதை இதுதான். பண்டகசாலையின் பின்பக்கம் காயலைப் பார்த்தது. அபூபக்கரின் குடும்பம் அதை வாங்குவதற்கு முன்னால் இருந்தவர்கள் பல வருடம் அங்கே உப்பும் கருவாடும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தார்கள். வெட்டுக்கல் சுவர் அந்த உப்பையெல்லாம் குடித்துவிட்டது. போதாததற்கு, காயல் பொங்குகிற நாட்களில் தண்ணீர் பின்வாசல்படி வரை வந்து போனது. பிறகு ஒரு புண்ணியவான் நெஞ்சு உயரத்துக்குச் சிமெண்ட் பூசினான். சிமெண்டைப் பூசிவிட்டால் எல்லா வியாதியும் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை அன்றைக்கு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, கல் சாயாவில் முக்கிய ரஸ்க் போல ஆகிவிட்டது. சிமெண்டைப் பெயர்த்தபோது கூடவே கல்லும் தூளாக வந்தது.

சிமெண்டுக்கு மேலே தப்பித்த பழைய பூச்சில் ஒரு சுதைக்கொடி ஓடியது. சுண்ணாம்பில் கையாலேயே பிடித்த கொடி, அதில் பதினாலு பூ. யார் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர் அஞ்சனா, தேவராவில் இருக்கிற பாலக்காட்டு அய்யர் வீட்டுப் பெண், முதல் நாள் வந்தபோதே அந்தக் கொடியின் கீழ் வெகுநேரம் நின்றாள். அதைக் காப்பாற்றுவதற்காகத்தான் இந்த வெட்டி எறிகிற பூச்சே.

"சேச்சி, இது நன்னா இருக்கணும்னு இல்லை, கேட்டேளா?" என்று பாக்கியலக்ஷ்மியிடம் அவள் விளக்கினாள். "நீற்றின சுண்ணாம்பும் பெருமணலும் போரும். வெல்லத் தண்ணி வேண்டாம், கடுக்காய்த் தண்ணியும் வேண்டாம். மினுக்கப்படாது. சொரசொரன்னு விட்டாத்தான் கல்லுக்குள்ள இருக்கற உப்பு இந்தப் பூச்சுக்குள்ள வந்து தங்கும். நிறைஞ்சதும் வெட்டி எறிஞ்சுடுவோம். அப்பறம்தான் நல்ல பூச்சு."

"மனசிலாச்சு மேடம்," என்றாள் பாக்கியலக்ஷ்மி.

அவளுக்கு மனசிலானது வேறு, கரண்டி பிடிக்க ஒரு முழுச் சுவர் கிடைத்திருக்கிறது என்பது. இருபத்திரண்டு வருடமாக அவள் சித்தாள். அவள் சும்மாடு கட்டிய வருடம் கூடவே வேலைக்கு வந்த அனில் மூன்றாம் வருடமே கொத்தனார் ஆகிவிட்டான். கக்காச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு பக்குவமாக நீறிவிட்டதா என்று பார்க்க இசக்கிராஜாவே அவளைத்தான் கூப்பிடுவார். கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் ஒட்டாமல் வெண்ணெய் போல வழுக்கி விழ வேண்டும், அந்த வழுக்கலை அவள் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். ஆண்கள் சாயா குடிக்கப் போன நேரங்களில் எத்தனையோ குளியலறைகளின் பின்சுவர்களை அவள் பூசி முடித்திருக்கிறாள். ஆனால் கூலி கொடுக்கும் நேரத்தில் வரிசை மாறாது, கொத்தனார்கள் முதலில், சித்தாட்கள் பிறகு. இது சட்டமும் இல்லை, சாஸ்திரமும் இல்லை, வெறும் அயோக்கியத்தனம். ஆனாலும் நடக்கிறது.

இசக்கிராஜா திருநெல்வேலிக்காரர், வாய் சும்மா இருக்காது. "வெட்டி எறியப் போற சொவத்துக்குக் கொத்தனாரு எதுக்கு? சித்தாளே போதும்லா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியலக்ஷ்மியும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள்?

முதல் பூச்சைச் சொன்னபடியே போட்டாள். மூன்றாம் நாள் அஞ்சனா மாடிப்படியில் கால் பிசகி விழுந்து, கணுக்கால் எலும்பு விட்டுப்போய், கட்டுப் போட்டுக்கொண்டு தேவராவில் படுத்துவிட்டாள். அன்று மத்தியானம் அனில் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தா சேச்சி, மாட்டுத் தொழுவமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு பாக்கியலக்ஷ்மி சுவரைப் பார்த்தாள். அவள் கரண்டி பிடித்து, பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்கப் பூசிய முதல் சுவர் அது. மாட்டுத் தொழுவம் போலத்தான் இருந்தது. இதை நன்றாகச் செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அழகாக இருந்தால் யாருக்கு வெட்டி எறிய மனசு வரும்? உப்பு விஷயமெல்லாம் படித்தவர்கள் சொல்கிறது, பூச்சு நல்ல பூச்சாக இருந்தால் உப்பை அதுவே அடக்கிவிடாதா?

அடக்கியது, அதுதான் பிறகு வினையாயிற்று.

சுண்ணாம்பை அவள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினாள். மாடி வேலைக்கென்று ஊறவைத்திருந்த வெல்லத் தண்ணீரிலும் கடுக்காய்த் தண்ணீரிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். முதல் பூச்சின் மேல் மெல்லிய பூச்சாக இழுத்து, மணியாசுக் கட்டையால் மட்டம் பார்த்து, ஈரம் சுண்டுகிற பதத்துக்குக் காத்திருந்து தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கிற கூழாங்கல் இசக்கிராஜாவின் பையில் இருந்தது. கேட்க மனம் வரவில்லை. சுள்ளிக்கலில் இருந்த தன் வீட்டிலிருந்து ஒரு காலி ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து, அதன் வழவழப்பான பக்கத்தால் தேய்த்தாள். சாண் சாணாக, ஐந்து நாள். தோள்பட்டை விட்டுப்போயிற்று. ராத்திரி சோற்றை இடது கையால் உண்ண வேண்டியிருந்தது.

ஆறாம் நாள் அபூபக்கர் பின்கட்டுக்கு வந்தார். அறுபது வயது, எங்கே நின்றாலும் சுக்கு மணக்கிற மனிதர். காயல் பக்கத்து ஜன்னலிலிருந்து விழுந்த வெளிச்சம் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடங்கலில்லாமல் ஓடியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய்க் கையை வைத்தார்.

"மாஷா அல்லாஹ்! இது ஆரு செஞ்சது?"

இசக்கிராஜா கொஞ்சம் தயங்கினார். "நம்ம பாக்கியம்தான் இக்கா."

"அப்போ கொத்தனாரு பாக்கியம்னு சொல்லு. இதப் பொளிச்சுக் களயணும்னா அந்த இன்ஜினியர் மோள் சொல்லிச்சு? ஒருகாலும் சம்மதிக்க மாட்டேன்."

பாக்கியலக்ஷ்மி அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூக்கைச் சிந்திவிட்டு வந்து, கரண்டியைக் கழுவினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. மறுவாரம் மாடியில் ஜன்னல் ஓரங்களைப் பூச இசக்கிராஜா அவளைக் கூப்பிட்டார். சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக் கொடுத்தது அனில். முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தான், ஆனாலும் கொடுத்தான். கூலி வரிசையில் அந்தச் சனிக்கிழமை அவள் ஐந்தாவது ஆளாக நின்றாள்.

அஞ்சனா தேவராவிலிருந்து போன் பண்ணினாள். "பின்சுவர் முடிஞ்சுதா? சொரசொரன்னுதானே விட்டிருக்கு?"

"எல்லாம் நீங்க சொன்னபடிதாம் மேடம்," என்றார் இசக்கிராஜா, கூசாமல். பொய் சொன்னது பாக்கியத்துக்காகவா, இரண்டாம் தடவை வேலை செய்ய வேண்டாம் என்பதற்காகவா என்பது அவருக்கே வெளிச்சம்.

மூன்று வாரம் போயிற்று. தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் பாக்கியலக்ஷ்மி பின்கட்டுக்குப் போய்த் தன் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். உலர்ந்து, குளிர்ச்சியாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. இருபத்திரண்டாம் நாளோ என்னவோ, தொட்டுவிட்டுத் தற்செயலாக நிமிர்ந்தாள். பூச்சு முடிகிற விளிம்புக்கு மேலே, சுதைக்கொடியின் அடியில், ஈரம் கறுப்பாக ஏறியிருந்தது. ஐந்தாம் பூவின் இதழ்களில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக ஏதோ நின்றது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழே வெளியேற வழி கிடைக்காத ஈரம், வழி தேடி மேலே ஏறியிருக்கிறது. அந்தப் புண்ணியவான் சிமெண்டால் செய்த காரியத்தை அவள் ஊறுகாய் பாட்டிலால் செய்திருக்கிறாள்.

இனி நடந்ததைச் சொல்வதற்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் அது அவளை உத்தமியாக்கிவிடும். மூன்று நாள் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் பூக்களின் மேலிருந்த உப்பைத் தட்டிவிட்டு, தரையைப் பெருக்கிவிட்டு, மாடிக்குப் போய்க் கரண்டி எடுத்தாள். தட்டத் தட்ட மறுநாள் இன்னும் கூடுதலாக வந்தது. நாலாம் நாள் பிரஷ் பட்டதும் ஐந்தாம் பூ முழுசாக அவள் உள்ளங்கையில் விழுந்தது. மூடித் திறப்பதற்குள் தூளாகிவிட்டது.

அதை மறைக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் இசக்கிராஜா பார்த்துவிட்டார், அபூபக்கரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் சுவருக்கு முன்னால் நின்றார்கள்.

"ஒண்ணும் பதற வேண்டாம்," என்றார் இசக்கிராஜா. "விளிம்புல கொஞ்சம் சிமெண்ட வச்சு அடைச்சிருவோம். பூவுக்கு அச்சு எடுத்து வேற பண்ணி ஒட்டிக்கிடலாம். மேடம் எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாது."

அபூபக்கருக்கும் அது பிடித்திருந்தது. "பூ வேற வெச்சுக்கலாம். பூ யாரு நோக்கறா? இந்தச் சொவரு போனா இதுபோல ஒண்ணு கிட்டுமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோரும் பாக்கியலக்ஷ்மியின் பக்கம் இருந்தார்கள். தலையை ஆட்டினால் போதும், சுவர் நிற்கும், பேரும் நிற்கும். அவள் தலையை ஆட்டவும் ஆட்டினாள். வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள், சாப்பிட்டாள். பாத்திரம் கழுவும்போதும் அந்தத் தூள் விழுந்த உள்ளங்கை குறுகுறுவென்றது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, காவல்காரன் கதவைத் திறந்த கையோடு, சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். விளிம்பில் ஆரம்பித்தாள். நல்ல பூச்சு என்பதால் லேசில் பெயரவில்லை. முதல் அரை மணி நேரம் தன் வேலையைத் தானே திட்டிக்கொண்டு வெட்டினாள். பிறகு பலகை பலகையாக விழ ஆரம்பித்தது. விழுந்த பலகைகளின் பின்பக்கம் தண்ணீரில் நனைத்து எடுத்தாற்போல ஈரம். கல்லும் பூச்சும் சேர்கிற இடத்தில் ஒரு விரல் கனத்துக்கு உப்பு அப்பியிருந்தது.

சத்தம் கேட்டு இசக்கிராஜா ஓடி வந்தபோது பாதிச் சுவரின் பூச்சு தரையில் கிடந்தது. "ஏ, ஒனக்குக் கிறுக்கா? ஆரு சொல்லி இடிக்க?"

"ஆரும் சொல்லலை அண்ணாச்சி."

"இக்காட்ட என்னன்னு சொல்லுவேன்? ஒன்னக் கூப்பிட்டுக் கரண்டியக் கொடுத்தேனே, இனிமே அதத் தொட்ட, பாத்துக்கோ."

அவருக்குக் கோபம் நியாயமாகவே வந்தது. அபூபக்கர் கோபப்படவில்லை, அது இன்னும் மோசம். இடிபாட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "உன் கை செஞ்சதை உன் கையே இடிச்சுதே," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாள் மாடி ஜன்னலில் அனில் நின்றான். பாக்கியலக்ஷ்மி சும்மாடு கட்டிக்கொண்டாள். சனிக்கிழமை கூலி வரிசையில் எங்கே நிற்பது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளாகவே பின்னால் போய் நின்றாள்.

அஞ்சனா கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தது அதற்கு மறுவாரம். இசக்கிராஜா சுற்றி வளைத்துச் சொன்னதைக் கேட்டாள், பதிமூன்று பூக்களையும் எண்ணினாள், பாக்கியலக்ஷ்மியைத் தனியாகப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"ஏன் சேச்சி மினுக்கினேள்? அத்தனை படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

பாக்கியலக்ஷ்மி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லட்டா? மத்தவா சாக்குச் சொல்லலைன்னாலும் இந்தச் சுவரை உங்களுக்குத்தான் குடுத்திருப்பேன். கொத்தனார்மார்ட்ட குடுத்தா கை சும்மா இருக்காது, பழக்கதோஷம், மினுக்கிடுவா. உங்களுக்கு அந்தக் கைப்பழக்கம் இருக்காதுன்னு நினைச்சுட்டேன்."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் நாலு பேர் சிரித்தபோது வராத கோபம் பாக்கியலக்ஷ்மிக்கு அப்போது வந்தது. இருபத்திரண்டு வருடமும் ஒரே வீச்சில் வந்தது.

"எனக்குக் கைப்பழக்கம் உண்டு மேடம்," என்றாள். "அதான் ஒரு பூ போச்சு."

அஞ்சனா கைத்தடியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். முகம் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, எதற்கென்று சொல்லிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. வெட்டிய சுவரைப் பார்த்தபடி, "திருப்பியும் பூசணுமே. நீங்க பூசறேளா?" என்று கேட்டாள்.

"பூசறேன்."

"சொரசொரன்னு?"

"சொரசொரன்னு."

கொத்தனார்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒருமுறை மினுங்கி எல்லோரும் பார்த்த சுவரில் மாட்டுத் தொழுவம் பூசி மாட்டிக்கொள்ள அவர்களுக்கென்ன தலையெழுத்தா? பாக்கியலக்ஷ்மி மீதியிருந்த மினுக்குப் பூச்சையும் வெட்டி இறக்கிவிட்டு, பெருமணலைச் சலிக்காமல் எடுத்தாள். கல்லை நனைத்து, கலவையைக் கரண்டியால் வீசி அடித்தாள், விழுந்த இடத்தில் விழுந்தபடி விட்டாள். மேடுகளைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளங்கை துடித்தது. தடவிச் சரிசெய்யாமல் இருக்க, சும்மா இருக்கிற கையை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். அந்தச் சுவரை மினுக்கியதைவிட மினுக்காமல் விட்டதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது. இரண்டு நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் வழக்கம்போல மணல் சுமந்தாள்.

ஏப்ரல் வெயிலில் சுவர் தன் வேலையைக் காட்டியது. முதலில் அங்கங்கே தேமல், பிறகு மாவு கொட்டினாற்போல வெள்ளை. பிறகு பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பொரிந்து உதிர ஆரம்பித்தது. தினமும் காலையில் அவள் பெருக்கி அள்ளினாள், ஒரு சட்டி, சில நாள் இரண்டு சட்டி. மேலே ஈரம் இறங்கிவிட்டது. பதிமூன்று பூக்களும் உலர்ந்து பால் நிறத்துக்குத் திரும்பின. ஆனால் பூக்களை யார் பார்க்கிறார்கள்? உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது சொறி பிடித்த சுவர். அபூபக்கர் விருந்தாளிகளை அந்தப் பக்கம் அழைத்து வருவதையே நிறுத்திவிட்டார்.

மே மாதத் தொடக்கத்தில் பழைய கட்டடங்களைப் பார்வையிடுகிற குழு ஒன்று வந்தது, ஆறேழு பேர். அஞ்சனா மற்றவர்களுக்கு மாடியில் மர உத்தரங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற இன்ஜினியர், தனியே கீழே இறங்கிப் பின்கட்டுக்கு வந்துவிட்டார். கையில் நோட்டுப் புத்தகம். அங்கே கொத்தனார்கள் நாலு பேரும் நிலைக்கதவுக்குச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். விரலால் தொட்டதும் ஒரு துண்டு கழன்று அவர் ஷூவின் மேல் விழுந்தது.

"ஏனுங்க, இந்தச் சுவத்தப் பூசுன கொத்தனார் யாருங்க?"

கேட்ட தொனியே சரியில்லை. அனில் சட்டத்தைக் குனிந்து பார்த்தான். இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஆணி தேடினார்கள். இசக்கிராஜா உத்தரத்தில் ஏதோ பழுது கண்டவர் போல மேலே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருடமாக அவர்கள் விட்டுக்கொடுக்காத கொத்தனார் என்கிற அந்தப் பேர் அந்த ஒரு நிமிடம் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது.

பாக்கியலக்ஷ்மி அப்போதுதான் தலையில் மணல் சட்டியோடு வாசல் வழியே வந்தாள்.

"நான்தான் சார்," என்றாள்.

அவர் சட்டியையும் சும்மாட்டையும் பார்த்தார். "இல்லீங்கம்மா, சித்தாளக் கேக்கல. பூசுன கொத்தனாரைக் கேட்டேன்."

அவள் சட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். சும்மாட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "கொத்தனாரும் நான்தான் சார்," என்றாள். "அது உதிரத்தான் பூசினது. நல்லா உதிருது."

அவருக்கு அது விளங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அவள் நிதானமாக விளக்கினாள், உப்பு, ஈரம், மேலே பூ. தான் முதலில் மினுக்கியதையும் விட்டுவிடாமல் சொன்னாள். அவர் நிமிர்ந்து பதிமூன்று பூக்களைப் பார்த்தார், பிறகு பேனாவைத் திறந்து பேரைக் கேட்டார்.

"பாக்கியலக்ஷ்மி. கொத்தனார்."

இசக்கிராஜா உத்தரத்திலிருந்து கண்ணை இறக்கி அவளைப் பார்த்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.